அப்பாவின் 43 ரோல், 5 விளக்கு

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலர் நெகட்டிவைக் கேமராவால் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையில், லென்ஸுக்கும் ஸ்டாண்டுக்கும் நான் மண்டையை உடைத்துக்கொண்டதில் பாதியை பிலிமுக்கு அடியில் எரியும் விளக்குக்குக் கொடுத்திருந்தால் 4 மாதம் மிச்சமாகியிருக்கும். பெட்டியில் சிஆர்ஐ (விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான எண்) 95க்கு மேல் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் வாங்கினேன். அது பொய்யில்லை, ஆனால் கலர் நெகட்டிவைப் பொறுத்தவரை அது வேறு ஏதோ கேள்விக்கான பதில்.

அப்பா சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டர். வீட்டுச் செலவு போக மிஞ்சிய காசெல்லாம் பிலிமுக்கே போனது என்று அம்மா இன்றும் குறை சொல்வார். அவர் போன மறுவருஷம் ஈசூன் வீட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது இரண்டு பிஸ்கட் டின்னில் 43 ரோல் கிடைத்தது. 34 கலர், 9 கருப்பு வெள்ளை, அப்புறம் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் ஸ்லைடு. இந்த ஊர் ஈரத்தில் இத்தனை வருஷம் எப்படித் தாங்கியது என்று பார்த்தால், மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒவ்வொரு டின்னிலும் கை நிறையப் போட்டு வைத்திருந்தார் மனுஷர். ஒன்றிரண்டு ரோலில்தான் பூஞ்சை.

முதல் 2 ரோலை ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். முகமெல்லாம் பச்சை பூத்து, நிழலெல்லாம் ஊதாவாகி வந்தது. கேட்டால் பிலிம் பழசு சார் என்றார்கள். இருக்கலாம். ஆனால் 43 ரோலுக்கும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

கையில் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா இருந்தது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய 55 மிமீ மேனுவல் மேக்ரோ லென்ஸ் ஒன்றும், அது பாதி அளவுக்குத்தான் நெருங்கும் என்பதால் 1:1க்குக் (பிலிம் அதே அளவில் சென்சாரில் விழும் நெருக்கம்) கொண்டுவர ஒரு டியூபும் வாங்கினேன். கரோசல் இணையச் சந்தையில் யாரோ விற்ற பழைய என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) தூணைக் கழற்றிக் கேமரா ஸ்டாண்ட் ஆக்கினேன். விளக்குகளை ஒப்பிட்ட நாள்களில் மற்ற எதையும் மாற்றவில்லை: லென்ஸ் துளை எஃப் 8 (1:1 நெருக்கத்தில் அது எஃப் 16 மாதிரிதான் வேலை செய்யும், வெளிச்சம் கால்வாசியாகிவிடும், இதை முதலில் மறந்து தொலைத்தேன்), ஐஎஸ்ஓ 100, கேமரா திருத்தாத ரா கோப்பு. நெகட்டிவின் நிறத்தைக் கணினியில் நேர்ப்படமாகத் திருப்பும்போது ஆட்டோ எதையும் தொடாமல், படம் பதியாத ஓரப் பிலிமின் ஆரஞ்சு நிறத்தை நடுநிலையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே திருத்த வளைவு. ஆட்டோவை விட்டால் அது எந்த விளக்கின் குறையையும் பூசி மெழுகிவிடும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

சோதனைக்கு 6 படமுள்ள ஒரே துண்டு. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கில் இருந்து தோ பாயோ வரை முதல் எம்ஆர்டி ஓட ஆரம்பித்ததே, அதற்கடுத்த வாரம் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போனபோது எடுத்தது. பட்டுப்புடவையில் அம்மா, பள்ளிச் சீருடையில் அக்கா, பிளாட்பாரத்தின் சாம்பல் தரை. ஒரு ரோல் முடிய எங்கள் வீட்டில் 3 மாதம் ஆகும் என்பதால் அதே துண்டின் கடைசிப் படம் தைப்பூசம், சிராங்கூன் சாலையில் மஞ்சள் வேட்டியும் காவடியும். நிறத்துக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது என்று நினைத்தேன். அம்மாவின் அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது என்பது கூடுதல் சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தின் கதை பின்னால் வருகிறது.

முதலில் டேப்லெட். திரையில் வெள்ளைப் பக்கத்தைப் போட்டு அதன் மேல் பிலிமை வைத்தால் பிக்சல் கட்டம் அப்படியே படத்தில் விழும். 3 சென்டிமீட்டர் தூக்கி, நடுவில் பால் நிற அக்ரிலிக் ஒன்றைச் செருகியதும் கட்டம் மறைந்தது, கூடவே வெளிச்சமும். ஒரு படத்துக்கு 2 விநாடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டியிருந்தது. வீவக அடுக்குமாடி வீட்டில் 2 விநாடி என்பது நீண்ட காலம். மின்விசிறி ஓடினால் பிலிம் துடிக்கிறது, நிறுத்தினால் வேர்வை பிலிமில் சொட்டுகிறது, மேல்மாடியில் யாரோ புதுக் குளியலறை கட்டுகிறார்கள். டிரில் சத்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் நிலைமை. ஆனால் ஒன்று, நிறம் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

அடுத்தது பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியம் வரைபவர்கள் வாங்கும் ஏ4 டிரேசிங் பேட், 35 வெள்ளி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டின் அடியில் இருக்கும் புள்ளிகள் தெரியும், அதனால் பிலிமைத் தூக்க வேண்டும். ஏ4 அளவு வெளிச்சத்தில் தபால்தலை அளவு பிலிம் என்பதால் சுற்றியுள்ள வெளிச்சம் லென்ஸுக்குள் பாய்ந்து படத்தை வெளிறடிக்கும், அதனால் கருப்பு அட்டையில் ஜன்னல் வெட்டி மூட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு வந்த நிறம் அந்தக் கடை கொடுத்ததுபோலவே இருந்தது. அவர்கள்மேல் கொஞ்சம் கோபம் குறைந்தது.

மூன்றாவதாக மச்சான் தன் பிளாஷைக் கொடுத்தார், “கல்யாண வேலைக்கு வாங்கினது, உடைச்சிடாதீங்க மாமா” என்ற எச்சரிக்கையோடு. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் அடித்து, மேலே அக்ரிலிக் வைத்தேன். செனான் பிளாஷின் நிறமாலை இடைவெளி இல்லாதது, பகல் வெளிச்சத்துக்கு நெருக்கம், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் முடிந்துவிடும். டிரில் ஓடட்டும், விசிறி சுற்றட்டும், ஒரு நடுக்கமும் படத்தில் இல்லை. கூர்மையில் இதை மற்ற எதுவும் முந்தவில்லை. ஆனால் பிளாஷ் அடிக்கும்வரை இருட்டு, போகஸ் பார்க்கவே இன்னொரு விளக்கு வேண்டும், எலக்ட்ரானிக் ஷட்டரில் என் கேமரா பிளாஷை ஏற்காது, ஆயிரம் படத்துக்கு மேல் அடிக்க பேட்டரிக்கு எங்கே போவது? 3 ரோல் முடித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

நான்காவதுதான் எல்லோரும் சொல்லும் வீடியோ எல்இடி பேனல். 5600 கெல்வின், சிஆர்ஐ 97, 89 வெள்ளி. முதல் படத்திலேயே கோடு கோடாகப் பட்டை விழுந்தது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இந்தப் பேனல் உண்மையில் மங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. படத்தை வரிவரியாகப் படிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் அது பட்டையாகிறது. முழு வெளிச்சத்தில் வைத்து, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/15க்கு இறக்கியதும் போய்விட்டது. நிறமும் டிரேசிங் பேடைவிட எவ்வளவோ மேல், முகங்கள் முகங்களாக இருந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் புடவை மட்டும் செம்மண் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. பீரோவில் இருப்பதோ அரக்கு, கிளிப்பச்சைக் கரை. அரக்கை இழுத்துப் பிடித்தால் அக்காவின் சட்டை ரோஜா நிறமாகிறது, சட்டையைச் சரிசெய்தால் வேட்டியின் மஞ்சள் எலுமிச்சையாகிறது. 3 வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு நாள் புடவையை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, இதைப் பாருங்க. இந்தக் கலர் வரணும், வரமாட்டேங்குது.”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். “இது அது இல்லப்பா. படத்துல இருக்கறது உங்க சித்தியோடது. ரயில் பார்க்கப் போறோம்னு அன்னிக்கு மாத்திக் கட்டிக்கிட்டோம். அது செங்கல் கலருதான்.”

3 வாரம்!

கோபம் தணிந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. ஒரு புடவையின் நிறத்தை ஆதாரமாக வைத்ததே தப்பு. அது சரியான புடவையாகவே இருந்தாலும், பிலிம் அந்தப் பட்டுத்துணியை 1987இல் எந்த நிறமாகப் பதிவு செய்தது, 30 வருஷத்தில் மூன்று சாயமும் ஒரே வேகத்தில்தான் மங்கினவா என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? நிறமே இல்லாத பொருளைத்தான் பார்க்க வேண்டும். அக்காவின் வெள்ளைச் சட்டை, பிளாட்பாரத்தின் சாம்பல், அப்பாவின் கருப்புத் தலைமுடி. மூன்றும் ஒரே படத்தில், ஒரே திருத்தத்தில், ஒரே நேரத்தில் சாயமின்றி நிற்கிறதா? நின்றால் விளக்கும் பிலிமும் ஒத்துப்போகின்றன. சட்டை சரியாகி முடி பச்சையடித்தால் எங்கோ நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. இந்தப் பரீட்சையில் பேனல் தேறவில்லை. சட்டையில் லேசான மஜெந்தா (ஊதா கலந்த ரோஜா), முடியில் பச்சை, நடுவில் மட்டும் சரி. புடவை தப்பாக இருந்தாலும் சட்டை ரோஜாவானது நிஜம்தான்.

ஏன் என்பதற்கு நெகட்டிவ் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஸ்லைடை மனிதர் வெள்ளை வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பார். நெகட்டிவை யாரும் பார்க்கப்போவதில்லை. அதைப் பார்க்கப்போவது படத்தை அச்சிடும் கலர் பேப்பர். அந்தப் பேப்பர் நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் தனித்தனியாக, இடைவெளி விட்டுப் பார்க்கிறது. நெகட்டிவில் மஞ்சள் சாயம் நீலத்தையும், மஜெந்தா பச்சையையும், சயன் (நீலப்பச்சை) சிவப்பையும் தடுக்கிறது. மஜெந்தா சாயம் சுத்தமில்லை, கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்கும். சயனும் அப்படியே தன் பங்குக்குப் பச்சையையும் நீலத்தையும். அந்தக் கள்ளத்தனத்தை ஈடுகட்டத்தான் பிலிமுக்குள்ளேயே ஆரஞ்சு நிறத்தைக் கட்டி வைத்தார்கள். ஆக, ஒவ்வொரு சாயத்தையும் அதனதன் இடத்தில் அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில், 590 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அம்பர் (மஞ்சள் ஆரஞ்சு) பகுதியில் கலர் பேப்பர் கிட்டத்தட்டக் குருடு. அதனால்தான் பழைய கலர் டார்க்ரூம்களில் மங்கலான அம்பர் விளக்கு மட்டும் எரிய அனுமதி. இப்போது வெள்ளை எல்இடியைப் பாருங்கள். அதற்குள் இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய ஒரு நீலச் சில்லு, அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு முள், 480ஐ ஒட்டி ஒரு பள்ளம், அப்புறம் பச்சையில் இருந்து சிவப்பு வரை ஒரே மேடு. பேப்பர் பார்க்கவே பார்க்காத அந்த அம்பர் இடத்தில் வெள்ளை எல்இடி தாராளமாகக் கொட்டுகிறது. கேமராவின் பச்சை பிக்சலுக்கும் சிவப்பு பிக்சலுக்கும் அந்த வெளிச்சம் இரண்டும்கெட்டான், இரண்டுமே அதை வாங்கிக்கொள்ளும். மஜெந்தாவின் அளவும் சயனின் அளவும் அங்கேதான் குழம்பிப்போகின்றன. பழைய சிடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள், இந்த மேடு பள்ளமெல்லாம் வீட்டிலேயே தெரியும்.

சிஆர்ஐ இதை ஏன் சொல்லவில்லை? அது 8 வெளிறிய நிற மாதிரிகள் அந்த விளக்கில் மனிதக் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்பதன் சராசரி. அழுத்தமான சிவப்பான ஆர்9 அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. சட்டைத்துணி வாங்கப் போகும்போது உதவும் எண் அது. நிகான் கூல்ஸ்கேன் மாதிரியான பிலிம் ஸ்கேனர்கள் வெள்ளை விளக்கே வைக்காமல் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைத் தனித்தனியாக வைத்ததும், என் டேப்லெட் மூன்று நிறப் பிக்சல்களால் வெள்ளையைக் காட்டி நல்ல நிறம் கொடுத்ததும் ஒரே காரணத்தால்தான். விடை முதல் வாரமே என் மேசையில் இருந்திருக்கிறது.

ஐந்தாவதை நானே கட்டினேன். சிம் லிம் டவர், கவனிக்க, சிம் லிம் ஸ்குவேர் இல்லை, அதற்கு எதிரே இருக்கும், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கட்டடம். பச்சையும் நீலமும் 3 வாட் எல்இடிகளாக எளிதில் கிடைத்தன, 525, 450 நானோமீட்டரில். சாதாரண சிவப்பு எல்இடி 620இல் இருந்து 630க்குள் எரியும், அந்த இடத்தில் சயன் சாயம் இன்னும் முழு வேகத்தில் தடுக்க ஆரம்பிக்கவில்லை, மஜெந்தாவின் வாலும் அங்கே வரை நீள்கிறது. 660 வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர், “ஓ, செடி வளர்க்கவா?” என்றார். தாழ்வாரத்தில் செடி வைப்பவர்கள் வாங்கும் அதே ஆழ்சிவப்பு. ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன், நெகட்டிவ் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

அலுமினியத் தகட்டில் எல்இடிகளை ஒட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் மாறா மின்னோட்டம் தரும் தனித்தனி டிரைவர். துடிக்காத நேர்மின்சாரம் என்பதால் பட்டைப் பிரச்சினை இல்லை. முதல் பெட்டி பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது: 4 சென்டிமீட்டர் ஆழம்தான் விட்டேன், படத்தின் ஒரு மூலை ரோஜா, மறு மூலை பச்சை. மூன்று நிறமும் கலக்க இடம் வேண்டும். உள்ளே மட்டான வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஆழத்தை 12 சென்டிமீட்டராக்கி, 3 மிமீ பால் அக்ரிலிக் இரண்டை இடைவெளி விட்டு வைத்த பிறகு ஒழுங்கானது. மிச்சமிருந்த கொஞ்சத்தை, பிலிம் இல்லாமல் வெறும் விளக்கை ஒரு படமெடுத்து அதை வைத்துக் கணினியில் கழித்துவிட்டேன். இன்னொன்று, கேமராக்குள் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு 660லேயே வெட்ட ஆரம்பித்துவிடுகிறது, அதனால் சிவப்புக்கு மட்டும் இரண்டு எல்இடி தேவைப்பட்டது. எல்லாம் சேர்த்து 70 வெள்ளிக்குள் முடிந்தது, சாலிடரில் சுட்டுக்கொண்ட விரலைத் தவிர.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறங்களின் அளவை விளக்கிலேயே திருகிச் சமன் செய்யலாம் என்பது. ஆரஞ்சுப் பிலிம் வழியாக வெள்ளை வெளிச்சம் போனால் நீலம் கடைசியாக, கொஞ்சமாக வந்து சேரும்; அதற்காக அதிக நேரம் திறந்தால் சிவப்பு வழிந்துவிடும். என் பெட்டியில் நீலத்தை ஏற்றி, ஆரஞ்சு ஓரம் கேமராவில் சாம்பலாகத் தெரியும்வரை திருகினேன். மூன்று சேனலும் ஒன்றாக நிரம்பின. வெள்ளை விளக்கில் வானங்களில் இருந்த நீல இரைச்சல் (புள்ளி புள்ளியான சிதறல்) காணாமல் போனது.

சட்டை, தரை, முடி பரீட்சையில் மூன்றும் ஒரே வளைவில் நின்றன. காவடியின் குங்குமமும் மஞ்சளும் பிரிந்து நின்றன. சித்தியின் புடவை செங்கல் நிறத்திலேயே வந்தது, அம்மா சரி என்றார். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: பேனலில் எடுத்த படத்தையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினால் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்துவிடுகிறது. வித்தியாசம் உழைப்பில்தான். பேனலில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி வைத்தியம், ஒரு ரோலுக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். இதில் ரோலின் முதல் படத்துக்குப் போட்ட கணக்கு கடைசிப் படம்வரை செல்லுபடியாகிறது, அரை மணியில் ரோல் முடிகிறது. இரண்டு மூன்று ரோல் மட்டும் வைத்திருப்பவர் சாலிடர் இரும்பைத் தொட வேண்டாம், நல்ல பேனல் ஒன்றை வாங்கி முழு வெளிச்சத்தில் வைத்து எடுத்துவிட்டு நிம்மதியாகக் கோப்பி குடிக்கப் போகலாம்.

ஸ்லைடுக்கு இந்தப் பெட்டி உதவாது. அதில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் மூன்று முள் வெளிச்சத்தில் வேறுவேறாகிவிடும், நான் எடுத்த முதல் ஸ்லைடில் புல்வெளி பிளாஸ்டிக் பச்சையாக வந்தது. அங்கே அந்த சிஆர்ஐ 97 பேனல்தான் ராஜா, விற்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கருப்பு வெள்ளையில் நிறமே பிரச்சினையில்லை, கீறல்தான். வெள்ளித் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், நேராகப் பாயும் கதிரில் படத்தின் கான்ட்ராஸ்ட் ஏறும், கீறல்களும் எழுந்து நிற்கும். கேலியர் என்ற ஆய்வாளர் 1909இல் இதை விளக்கினார், அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். நன்றாகச் சிதறிய வெளிச்சத்தில் பிலிமின் முதுகுப்பக்கக் கீறல் பாதி மறைந்துவிடும். இதற்கு என் பெட்டியில் பச்சையை மட்டும் எரியவிட்டேன். ஒரே நிறம் என்பதால் லென்ஸின் ஓரங்களில் நிறம் பிரிந்து மங்குவது இல்லை, சென்சாரிலும் பாதிப் பிக்சல் பச்சைதான். அந்த 9 ரோலும் பளிச்சென்று வந்தன.

பூஞ்சை பிடித்த 2 ரோலுக்கு விளக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்கேனர்களில் அகச்சிவப்பால் தூசியையும் கறையையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருந்தது, கேமராவில் அது கிடையாது. கழுவிப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து, படமே கழன்று வந்துவிடக்கூடும் என்பதால் தொடவில்லை. அவை இப்போது டிரை கேபினட்டில் 45 சதவீத ஈரப்பதத்தில், லென்ஸ்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றின் உறையில் அப்பாவின் கையெழுத்தில் “சித்தி கல்யாணம்” என்று இருக்கிறது. எப்போது வரும் என்று சித்தி வாரம் ஒரு தடவை போன் செய்கிறார்.